குளக்கரைக்கு வந்த புகை

தும்பி பார்க்க வாருங்கள் என்று ஊரைக் கூப்பிட்டுவிட்டு, முந்தைய நாளே அங்கு பூச்சிக்கொல்லிப் புகை அடிக்கக் கிளம்புகிறவர்களை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? எங்கள் பல்கலைக்கழகத்தில் அவர்களை நிர்வாகம் என்கிறோம்.

இங்கே சுற்றுச்சூழல் நிகழ்ச்சிகளுக்கென்று ஓர் அலுவலகம் உண்டு. அலுவலகம் என்றால் ஒரே ஒரு பெண். மாணவர்கள் அவரைத் தும்பியக்கா என்பார்கள். மாடிப்படிக்குக் கீழே, விடைத்தாள் மூட்டைகளுக்கும் தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்கும் நடுவே அவர் மேசை. பூச்சியியலில் முதுகலை படித்தவர்; வேலையோ ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்தால்தான் உண்டு. நீட்டிப்பு ஆணை வரவேண்டிய மாதத்தில் அவருக்குச் சோறு இறங்காது. நிகழ்ச்சி நடந்ததா, படம் எடுத்தீர்களா என்று மேலிடம் கேட்கும். பூச்சி பிழைத்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை.

புகை வந்த அன்று காலையிலும் கணவர் சொல்லித்தான் அனுப்பினார்: "இந்த ஒரு மாசம் வாயைத் திறக்காதே. ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் உலகத்தைக் காப்பாத்திக்கலாம்."

மறுநாள் குளக்கரையில் தும்பி நடை, அதாவது நடந்தபடி தும்பி பார்க்கும் நிகழ்ச்சி. வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் வரட்டும் என்று அவரே ஆசையாகச் சேர்த்திருந்தார். வினையும் அதில்தான் வந்தது. வெளியாட்கள் வரும் நிகழ்ச்சி என்றால் முதல் நாள் அந்த இடத்தில் கொசுப்புகை அடிப்பது சுகாதாரப் பிரிவின் விதி. பட்டமளிப்பு விழாவுக்காகப் போட்ட விதி. தும்பிக்கும் அதையே நீட்டிவிட்டார்கள்.

நூலகத்துக்குப் பின்னால் புகை இயந்திரம் உறுமியதும் தும்பியக்கா மேசையை விட்டு எழுந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். புகைக்காரர் முகத்தில் ஈரத் துண்டைக் கட்டியபடி குளத்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நிறுத்துங்க!"

"நான் இதை நிறுத்தினா, அவங்க என்னை நிறுத்திடுவாங்க தங்கச்சி." துண்டுக்குள் இருமினார். "மூஞ்சிக்கு மாட்ட ஒரு மூடி கேட்டேன். விழா முடியட்டும்னாங்க. எந்த விழான்னுதான் சொல்லலை."

"ஒரு நிமிஷம் பொறுங்க. அதிகாரிகிட்ட பேசிடறேன்."

அவசரத்தில் எண் இரண்டு முறை தப்பியது. கடைசியில் சுகாதார அதிகாரி எடுத்தார்.

"பிள்ளைங்களைக் கொசு கடிச்சா யாரும்மா பதில் சொல்றது?"

"கொசுவைத் தின்னுறதே தும்பிதான் சார். தும்பிக் குஞ்சு தண்ணிக்குள்ள கொசுப்புழுவையும் தின்னும். உங்க புகை தண்ணிக்குள்ளயா போகப்போகுது?"

"அப்போ தும்பியை என் பிரிவுல வேலைக்குச் சேத்துக்கட்டுமா?" அவர் சிரித்தார். "நிகழ்ச்சி இருந்தா புகை உண்டு. விதி அவ்வளவுதான்."

"நிகழ்ச்சியே இல்லைன்னா?"

"அப்புறம் புகை எதுக்கு?"

தும்பியக்கா குளத்தைப் பார்த்தார். நாணல் நுனியில் ஒரு செந்தும்பி உட்கார்வதும் எழுவதுமாக இருந்தது. நடையை ரத்து செய்தால் படம் இல்லை; படம் இல்லாமல் ஆணை வருமா?

"நிகழ்ச்சி ரத்து சார்."

புகைக்காரர் இயந்திரத்தை அணைத்தார். "பொழைக்கத் தெரியாத பொண்ணும்மா நீ" என்றார். துண்டை அவிழ்த்துப் பிழிந்துவிட்டு, காற்றை இரண்டு முறை ஆழமாக இழுத்துக்கொண்டார்.

மாதம் முடியப் போகிறது. ஆணை வரவில்லை. தொலைபேசி மணி அடித்தாலே தும்பியக்காவுக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது. "ஒரு வார்த்தை பேசாம இருந்திருக்கலாம்ல?" என்று வீட்டில் கேட்டாயிற்று. அறிவுக்குப் பொருந்தாத ஒரு விதியைப் போட்டவர் நிம்மதியாகத் தூங்குகிறார். அதைத் தடுத்தவர் விழித்துக் கிடக்கிறார். இதையா நியாயம் என்பது?

உங்கள் கல்லூரியிலும் அலுவலகத்திலும் இதே புகை வரும். எந்த மருந்து, எதற்காக, அடிப்பவருக்கு முகமூடி கொடுத்தீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். எங்கள் பதிவாளருக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: அந்த விதியை நீக்குங்கள், அந்தப் பெண்ணின் ஆணையில் கையெழுத்திடுங்கள் என்று. இன்றே எழுதுங்கள்.