லோதி தோட்டத்தில் சும்மா இருக்கப் போன மூன்று பேர்

எனக்கு லீவு கிடைத்தபோதெல்லாம் அது வேறு யாருடைய லீவாகவோ இருந்திருக்கிறது. டெல்லியில் மத்திய அரசாங்க வேலை, லோதி ரோடு பக்கம் குவார்ட்டர்ஸ் என்று நான் நிலைபெற்றதும், ஊரில் இருந்த உறவு முழுவதற்கும் தலைநகரில் ஒரு வீடு அமைந்துவிட்டது. பள்ளிக்கூடம் மூடினால் ஒரு கூட்டம் வரும். காசிக்குப் போகிற வழியில் ஒரு கூட்டம், காசியிலிருந்து திரும்புகிற வழியில் அதே கூட்டம். "நீ இருக்கிற தைரியத்துலதான் கிளம்பி வந்தோம்" என்பார்கள். அந்தத் தைரியத்தைக் காப்பாற்ற நான் லீவு போடுவேன்.

டெல்லித் தமிழர்களில் என் வயதுக்காரர்கள் எல்லாருமே ஏறக்குறைய இப்படித்தான். அலுவலகத்தில் குமாஸ்தாவோ அதிகாரியோ, லீவில் வழிகாட்டி. எந்த வாசலில் வரிசை குறைவு, செங்கோட்டை எந்தக் கிழமை மூடியிருக்கும், ஹரித்துவாரில் எந்தக் கடையில் இட்லி என்ற பெயரில் ஒன்று கிடைக்கும் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. நான் இதில் கொஞ்சம் கூடுதலாகவே தேறிவிட்டேன். குதுப் மினாரை ஒரு கூட்டத்துக்குக் காட்டிவிட்டு, அவர்கள் வாயை மூடுவதற்குள் அடுத்த இடத்தில் இறக்கிவிடுவேன். எனக்குப் பின்னால் ஊரில் 'ஜல்தி மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது தாமதமாகத்தான் தெரியவந்தது. தாஜ் மகாலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். உள்ளே கடைசியாகப் போனது எப்போது என்று நினைவில்லை. உள்ளே விடாத முறுக்கு டப்பாக்களுக்கும் எலுமிச்சம் சாதப் பொட்டலங்களுக்கும் காவலாக வெளியே உட்கார்ந்திருப்பது என் பங்கு. குரங்குகளோடு எனக்கு ஒரு ஒப்பந்தம்கூட ஏற்பட்டிருந்தது.

என் மனைவி பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். கோடையில், குளிரில் என்று முறையாக விடுமுறை வரும் உத்தியோகம். அந்த விடுமுறையை அவள் சப்பாத்திக்கல் முன்னால் நின்றபடி கழித்தாள். வந்தவர்கள் மூன்றாம் நாள், "இங்க வந்தும் ரெண்டு வேளையும் சப்பாத்திதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அரிசி களைவாள்.

இந்த வருடம் பிப்ரவரி கடைசியில் எங்கள் மகள் ஜெர்மனிக்கு வேலைக்குக் கிளம்பினாள். குர்காவ்ன் வேலையை விட்டுவிட்டு, விசா வந்து, பெட்டி கட்டுகிற அவசரத்தில் இருந்தாள். அவள் வயதுப் பிள்ளைகள் போனால் எப்போது திரும்புவார்கள், திரும்பினாலும் எத்தனை நாள் தங்குவார்கள் என்பதை அக்கம்பக்கத்து வீடுகளில் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தோம். விமானத்துக்கு முந்தின வாரம் மனைவி என்னிடம் வந்து நின்றாள்.

"ஏங்க, ஒரு நாள் லீவு போடுங்க."

"யார் வர்றா?"

"யாரும் வரல. நம்ம மூணு பேரும் ஒரு நாள் சும்மா உக்காந்திருக்கணும். லோதி கார்டன்ல, வெயில்ல. அவ்வளவுதான். அவ போனப்புறம் நினைச்சுக்க எனக்கு ஒரு நாள் வேணும்."

"அச்சா, அப்போ காலைல சீக்கிரம் கிளம்பி முதல்ல சஃப்தர்ஜங் சமாதி பாத்துட்டு..."

"ஒண்ணும் பாக்க வேணாம்" என்றாள். "சும்மா இருக்கணும்னு சொன்னேன்."

அவள் என்னிடம் அப்படி எதையும் கேட்டுப் பழக்கமில்லை. கேட்டது பெரிய விஷயமும் இல்லை. சும்மா இருப்பதைப் பற்றி நான் நிறையப் படித்தவன். சோம்பலின் பெருமையைச் சொல்லும் புத்தகங்களை வேக வேகமாகப் படித்து முடித்து அடுத்ததற்குப் போயிருக்கிறேன். எனவே தயங்காமல் ஒப்புக்கொண்டேன்.

பிப்ரவரி வெயில் டெல்லி மனிதனுக்கு வருடம் முழுவதற்கும் கிடைக்கிற சம்பளம் மாதிரி. புகை விலகியிருக்கும், அனல் இன்னும் வந்திருக்காது. நாங்கள் போனபோது தோட்டத்துப் புல்லில் ஆங்காங்கே குடும்பங்கள் ஜமுக்காளம் விரித்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தன. ஒரு பெரியவர் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார். பஞ்சாபிக் குடும்பங்களைப் பார்த்து நான் எப்போதும் பொறாமைப்படுகிற விஷயம் இதுதான்: உட்கார்ந்தால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நாங்களும் உட்கார்ந்தோம். மனைவி காலை நீட்டிக்கொண்டாள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா மடியில் தலை வைத்தாள். நான் சுற்றிலும் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை பார்த்தேன். எதிரே ஐந்நூறு வருடத்துக் கும்மட்டம் ஒன்று, யாரும் விளக்கிச் சொல்லாமல் தனியாக நின்றுகொண்டிருந்தது.

"அந்தக் கும்மட்டம் இருக்கே, அதுக்குள்ள யாரப் புதைச்சிருக்காங்கன்னே சரியாத் தெரியாது" என்றேன்.

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல். "இது நான் ஆறாங்கிளாஸ்லேர்ந்து கேக்கறேன்."

"சரி, சொல்லல."

சொல்லாமல் இருந்தேன். சாப்பாட்டுப் பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை நிழலுக்கு நகர்த்தினேன். நிழல் நகர்ந்தபோது மறுபடி நகர்த்தினேன். சாயங்காலம் கான் மார்க்கெட் பக்கம் போக்குவரத்து எப்படி இருக்கும் என்று போனில் பார்த்தேன்.

"பாட்டிலை விடுங்க, அது எங்கயும் ஓடாது" என்றாள் மனைவி.

"உங்களுக்கு ஜாம் ஆகறதப் பத்திக் கவலை இல்ல."

"வீடு அந்தா இருக்கு. நடந்து போனாப் போச்சு. ஜாமாம் ஜாம்."

மகள் மடியில் கிடந்தபடியே சிரித்தாள். "அம்மா, பாபா கோ ஏக் டிக்கெட் காட் தோ. ஏதாவது கவுண்டர்ல நிக்க வச்சா ஷாந்தமா இருப்பார்." அப்பாவுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடு என்கிறாள். எங்கள் மகளுக்குக் கோபத்துக்கு ஆங்கிலம், கேலிக்கு இந்தி, பசிக்கு மட்டும் தமிழ். நானும் சிரித்தேன். அந்த அரைமணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால், இருந்ததே அந்த அரைமணி நேரம்தான்.

அப்போது பாதையில் ஒரு தமிழ்க் குரல் கேட்டது. "இந்தப் பக்கமா வந்தோம்? இல்லையே, இந்த மரத்த நான் பாக்கவே இல்லையே." ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கணவன், மனைவி. அவர் கழுத்தில் மப்ளர், அந்தம்மா புடவைக்கு மேல் போட்டிருந்தது யாரோ கொடுத்த ஆண்பிள்ளை ஸ்வெட்டர். பார்த்தாலே தெரிந்தது: ஜனவரிக்கென்று தயாராகி பிப்ரவரியில் வந்து சேர்ந்தவர்கள்.

நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது.

"எங்க போகணும்?" என்றேன்.

"அட, தமிழா!" என்றார் அவர். "விருதுநகர் பக்கம்ங்க. ஜனக்புரில எங்க தம்பி மகன் வீட்ல தங்கிருக்கோம். அவனுக்கு லீவு கிடைக்கலையாம். மெட்ரோல ஏறி நீங்களே பாத்துட்டு வாங்க பெரியப்பான்னு சொல்லிட்டான். குதுப் மினாருக்குப் போகணும், எதுல ஏறி எங்க எறங்கணும்னு வெளங்கல."

லீவு கிடைக்கவில்லையாம். அந்தப் பையனை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கை குலுக்கியிருப்பேன். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத ஒரு வாக்கியம் அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

"ஸ்டேஷன் வரைக்கும் விட்டுட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொன்னேன். "ஜோர் பாக்தான். போனேன் வந்தேன்."

அவள் அவர்களைப் பார்த்து, "வாங்க" என்று சிரித்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலைத் தானே நிழலுக்கு நகர்த்தினாள். மகள் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "ஜாயியே" என்றாள். போங்கள் என்று மரியாதையாக.

ஸ்டேஷன் வரை பேசிக்கொண்டே நடந்தோம். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் டிக்கெட் மெஷினில் இந்தியும் ஆங்கிலமும்தான். டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் திரும்பியிருக்கலாம். ஆனால் கீழே இரண்டு பக்கமும் ரயில் வரும். தவறான பக்கம் ஏறினால் வடக்குக் கோடிக்குப் போய்விடுவார்கள். எனவே நானும் ஒரு டிக்கெட் எடுத்துக் கீழே இறங்கினேன். ரயில் வந்தது. அந்தம்மா கதவருகே தயங்கினார். கையைப் பிடித்து ஏற்றினேன். கதவு மூடியபோது நானும் உள்ளே இருந்தேன்.

இதை நான் தவறுதலாக நடந்ததுபோல எழுதுகிறேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கியிருக்கலாம் என்பது எனக்கும் தெரியும். அந்த ஸ்டேஷன் வந்தபோது, குதுப் மினார் ஏன் இடிந்து இடிந்து மறுபடி கட்டப்பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்த முடியவில்லை.

குதுப் மினாரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எந்த இடத்தில் நின்றால் முழுக் கோபுரமும் படத்தில் அடங்கும் என்று காட்டினேன். துருப்பிடிக்காத இரும்புத் தூணைக் காட்டினேன். அந்தம்மா, "இத வீட்டு கேட்டுக்கு வச்சா நல்லா இருக்கும்" என்றார். "ஆமா, இத ரயில்ல ஏத்திட்டுப் போவோம்" என்றார் அவர். நான் வாய்விட்டுச் சிரித்தேன். காலையிலிருந்து பிடரியில் இருந்த இறுக்கம் போயிருந்தது. வெயில் இதமாக இருக்கிறது என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. அதே வெயில்தான் புல்லிலும் இருந்தது.

மனைவி போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"குதுப்ல."

"அச்சா" என்றாள். வைத்துவிட்டாள். டெல்லியில் இத்தனை வருடம் இருந்தும் அவள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. வெளியாட்களிடம், பால்காரரிடம், மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது என்பவரிடம் சொல்வாள்.

அவர்களை ஜனக்புரி ரயிலுக்கு மாறுகிற இடம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தோட்டத்துக்குப் போகாமல் நேரே வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் என் பங்குப் புளியோதரை மூடி வைக்கப்பட்டிருந்தது. அவர்கள் இருவரும் உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சண்டை போடுவார்கள் என்று தயாராக வந்திருந்தேன். யாரும் போடவில்லை. மகளின் கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிவாக, தூங்கி எழுந்த குழந்தை முகம் மாதிரி இருந்தது. இருவரும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள், பாதிப் பாதி வாக்கியங்களாக. மீதிப் பாதி இருவருக்கும் தெரிந்திருந்தது. லீவு எடுத்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது.

"அவங்க ஒழுங்காப் போய்ச் சேந்தாங்களா?" என்று மனைவி கேட்டாள். குத்தலாக இல்லை. நிஜமாகவே கேட்டாள். அதற்கு என்னிடம் முழு விவரம் இருந்தது. சொன்னேன்.

மகள் போன பிறகு ஒரு நாள் காப்பி குடிக்கும்போது மனைவியிடம் கேட்டேன். "அன்னைக்கு அழுதாளா?"

"ம்."

"என்னத்துக்கு?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நெறையப் பேசினா. போகவா வேணாமான்னு. இன்னும் என்னென்னமோ. சின்ன வயசுல நடந்ததெல்லாம். உங்களப் பத்தியும்தான்."

"என்னப் பத்தி என்ன?"

"அது அங்க உக்காந்து கேட்டிருந்தா கேட்டது. இங்க வந்து நான் ஒப்பிக்க முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஏன் நம்மால் ஓய்வாக இருக்க முடிவதில்லை என்று விளக்கிச் சொல்கிறவர்கள் வேலைப் பழக்கம் என்கிறார்கள், போன் என்கிறார்கள், மூளை என்கிறார்கள். இருக்கலாம். என் விஷயத்தில் காரணம் இன்னும் அற்பமானது. யாருக்காவது உபயோகமாக இருக்கும்வரை நான் யார் என்று எனக்குத் தெரியும். புல்லில், என்னிடம் எதுவும் தேவைப்படாத இரண்டு பேருக்கு நடுவில், அது தெரியவில்லை. அவர்களுக்குத் தேவையாக இருந்தது நான் அங்கே இருப்பது மட்டும்தான். அதை ஒரு வேலையாக எனக்கு எண்ணத் தெரியவில்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். நான் குளிர் எத்தனை, பஸ் நேரத்துக்கு வருகிறதா, பக்கத்தில் அரிசி எங்கே கிடைக்கிறது என்று விசாரிப்பேன். போன வாரம் துணிந்து கேட்டேன்.

"அன்னிக்கு லோதி கார்டன்ல அம்மாகிட்ட ஏதோ பேசினியாமே?"

"எது ப்பா?"

"நான் இல்லாதப்போ."

திரையில் அவள் கொஞ்சம் வேறு பக்கம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அரே, அதெல்லாம் அப்போ. நீங்க திரும்பி வந்ததும் சொல்லணும்னு வெயிட் பண்ணினேன். அப்புறம் வெயில் போயிடுச்சு, நாங்க கிளம்பிட்டோம். இப்ப அதுல ஒண்ணுமில்ல ப்பா."

"இப்ப சொல்லேன். கேக்கறேன்."

"இப்ப எப்படிச் சொல்றது?" என்றாள். எரிச்சலில்லை, நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். "அச்சா ப்பா, துணி மெஷின் நின்னுடுச்சு. எடுக்கணும். அடுத்த வாரம் பேசறேன்."

திரை அணைந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து மனைவி, "என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"துணி தோய்க்கிறாளாம்" என்றேன்.