அம்மாவுக்காக நான் பேசிய அன்று

சென்ற மாதம் இரத்தினபுரி அலுவலகத்தில் என் வருடாந்த மதிப்பீட்டுப் படிவம் கைக்கு வந்தது. மேலதிகாரி என்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரே சொல் எழுதியிருந்தார்: ஆர்ட்டிகுலேட். பாராட்டு என்று தெரிந்தது. ஆனாலும் எனக்குச் சந்தேகப் புத்தி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனில் அகராதியைத் திறந்தேன். நினைப்பதைத் தெளிவாகப் பேசத் தெரிந்தவர் என்பது முதல் பொருள். அதற்குக் கீழே, மூட்டுகளால் இணைக்கப்பட்டது என்று இன்னொன்று. எலும்போடு எலும்பு சேருமிடத்தைச் சொல்ல டொக்டர்மாரும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவார்களாம். அதை வாசித்ததும் அம்மாவின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. பாராட்டின் சந்தோஷம் அத்தோடு போயிற்று.

எங்கள் தேயிலைத் தோட்டம் கொடகவெலப் பக்கம். அம்மா கொழுந்து எடுப்பவள். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலத்தில், எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் டவுன் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போவார்கள். கடைத்தெருவில் சிங்களத்தில் பேரம் பேசுகிறவர்களுக்கும் டொக்டர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒட்டாது. தோட்டத்துப் பிள்ளை என்று சொன்னால்தான் தெரியும், அப்படிப் பேசுவேன். அதில் எனக்குத் தலைகால் புரியாத கர்வம் வேறு.

ஒரு நாள் அம்மாவோடு போக வேண்டி வந்தது. பஸ்ஸில் அவள் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

"காலையில எந்திரிச்சா வெரலு மடங்க மாட்டேங்குதுன்னு சொல்லு. சுடுதண்ணியில வச்சாத்தான் அசையுது. இனி மலைக்குப் போக முடியாதுன்னு சொல்லு. புள்ளக் காம்பராவுல வேலை குடுக்கச் சொல்லி ஒரு துண்டு கேளு, புள்ள."

தாய்மார் கொழுந்துக்குப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்தான் புள்ளக் காம்பரா. டொக்டர் எழுதித் தரும் துண்டுச் சீட்டு இருந்தால் அங்கே மாற்றுவதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். அம்மா கேட்டது அவ்வளவுதான்.

டொக்டரின் அறைக்குள்ளேயே வரிசையாக நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற தோட்டத்துப் பெண் அழுது அழுது துண்டு கேட்டாள். அவள் வெளியே போனதும், இந்தத் தோட்டத்து ஆட்கள் வருவதே வேலைக்குப் போகாமலிருக்கத் துண்டு வாங்கத்தான் என்று தாதி சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாள். டொக்டரும் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை என்று காட்டிவிட வேண்டும் போலிருந்தது.

டொக்டர் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இவரால் வேலை செய்ய முடியுமா என்று என்னைக் கேட்டார்.

"புளுவங், சேர்" என்றேன். முடியும், சேர். மழை நாளில் கொஞ்சம் வலிக்கும், மாத்திரை தந்தால் சமாளித்துக்கொள்வார் என்று நல்ல சிங்களத்தில் தங்குதடையில்லாமல் சொல்லி முடித்தேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று டொக்டர் கேட்டார். பூரித்துப் போனேன்.

மாத்திரையும் பூசுகிற மருந்தும் கிடைத்தன. வெளியே வந்ததும் அம்மா, "துண்டு?" என்றாள்.

"தர முடியாதுன்னுட்டாரும்மா" என்றேன்.

அம்மா மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் விடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அதன் பிறகு ஏழு வருடம் போனாள். அடுத்த கிளினிக்கில் உண்மையைச் சொல்லியிருக்கலாம், அதற்கடுத்த கிளினிக்கிலாவது சொல்லியிருக்கலாம். முதலில் சொன்னது பொய்யாகிவிடுமே என்ற வெட்கத்தில் ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய்! இப்போது அம்மாவின் வலது கையில் மூன்று விரல்கள் நிமிர்வதில்லை. சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

படிவம் வந்த கிழமையே வீட்டுக்குப் போனேன். குசினியில் அம்மா அடுப்பருகே உட்கார்ந்திருக்க, அவளால் உரிக்க முடியாத வெங்காயத்தை நான் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீருக்கு ஒரு சாக்கு இருந்தது நல்லதாயிற்று.

"அம்மா, அன்னைக்கு டொக்டர் துண்டு தர மாட்டேன்னு சொல்லல. நான் கேக்கவே இல்ல. ஒங்களால வேலை செய்ய முடியும்னு சொல்லிட்டேன்."

"தெரியும் புள்ள" என்றாள். "புளுவங்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? டவுன்ல தெனமும் காதுல விழுற சொல்லுதானே."

வெங்காயத்தைக் கீழே வைத்தேன். "அப்ப நீங்களே முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா? டொக்டர் ஒங்க கையத்தானே புடிச்சிக்கிட்டு இருந்தாரு."

"நீ அவ்வளவு அழகா பேசிக்கிட்டு இருந்த" என்றாள் அம்மா. "அத்தனை பேருக்கு முன்னாடி ஒன்னையப் பொய்க்காரியாக்க எனக்கு மனசு வரல."