முள் எழுந்த பிறகு

ஒயர் சோதிக்கும் இந்த மீட்டரின் முகம் தனியே கழன்று வருகிறது. போன வாரம் எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டில் மோட்டார் ஓடாமல் நின்றபோது, மீட்டரைக் கீழே சம்ப் தொட்டிப் பக்கத்து ஒயரில் மாட்டிவிட்டு, திரையை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். கீழே நடப்பது மேலே என் கையில் எண்ணாகத் தெரிந்தது. யாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. கேட்டாலும் சொல்ல இப்போது யாருமில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். அதே மாடி. டேங்கின் மிதவை சுவிட்சிலிருந்து மோட்டாருக்கு இறங்கும் ஒயர் எங்கோ அறுந்து, வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பாவும் அம்மாவும் பேசி ஒன்பது நாளாகியிருந்தது. "உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆச்சு." "உங்கம்மாகிட்ட சொல்லு, பசிக்கல." ஒரே அறைக்குள் எல்லாம் என் வழியாகத்தான் போய்வந்தது. எனக்கு அதில் பெருமைதான்.

அப்பா மெயினை அணைத்துவிட்டு, உங்கம்மாவை மீட்டர் முள்ளைப் பார்க்கச் சொல் என்று என்னிடம் சொல்லிவிட்டு மாடியேறினார். அம்மா சம்ப் மூடிமேல் உட்கார்ந்து, அப்பாவின் முள் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒயர் நுனிகளில் அழுத்திக்கொண்டாள். மேலே அப்பா மறுமுனைகளை முறுக்கிச் சேர்த்து, ஒயரை இடம் இடமாக அசைத்துப் பார்த்தார். அறுந்த இடம் சேர்ந்தால் முள் எழும்.

"எழுந்துச்சா?"

"இல்லன்னு சொல்லு" என்றாள் அம்மா. சொன்னேன். என் குரல் மாடிவரை ஏறவில்லை. மறுபடி கேட்டார். அம்மா தலையைத் தூக்கினாள்.

"இல்லீங்க."

அதன்பிறகு நான் தேவைப்படவில்லை.

"இப்ப?"

"இல்லீங்க."

"ஸ்வல்ப அழுத்திப் புடி."

"எனக்கென்ன நாலு கையா இருக்கு?"

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்படியே வெகுநேரம் போயிற்று. திடீரென்று முள் துள்ளி வலது ஓரத்தில் போய் நின்றது. அம்மா அதைப் பார்த்தாள்.

"இப்ப?"

"இன்னும் இல்லீங்க."

"இப்ப?"

"இல்லீங்க."

முள் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அதைப் பொறுக்க முடியுமா? "அம்மா பொய் சொல்றாங்கப்பா, முள் அப்பவே எழுந்துடுச்சு" என்று கத்தினேன். அந்தக் குரல் மட்டும் மாடிவரை போய்ச் சேர்ந்தது.

அம்மா கம்பிகளை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். பாராட்டு வாங்க மாடிக்கு ஓடினேன். அறுந்த இடத்தில் கருப்பு டேப் எப்போதோ சுற்றியாகியிருந்தது. அப்பா கையெல்லாம் துடைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாரே, அப்பாவுக்கு மறதி என்று நினைத்தேன்.

குழாயில் தண்ணீர் வந்தது. மதியம் அம்மா என்னைக் கூப்பிட்டு, உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆச்சு என்றாள்.

என் வேலை எனக்கே திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் ஓடிப்போய்ச் சொன்னேன்.