அத்தான் போல இருந்தது

என் புருஷனின் தோளில் கத்தி விழுந்தது ஒரு விடியற்காலைப் பனிக்குள். வயல் வட்டைக்குச் சோறு கொண்டு போனவள் நான்தான். அவர் வரம்பில் குப்புறக் கிடந்தார். பற்றைப் புதருக்குள் ஓடி மறைந்த ஒரு முதுகை மட்டும் கண்டேன். அது அத்தானின் முதுகு போல இருந்தது.

அத்தான் என் அக்காவின் புருஷன். அம்மா எங்கள் இருவருக்கும் சீதனமாகக் கொடுத்த வயல்கள் அடுத்தடுத்துக் கிடந்தன. தண்ணீர் திருப்புகிற நாட்களில் மருமகன்மார் இருவரும் எலியும் பூனையும்தான். வீடுகளுக்கு நடுவிலும் ஒரு கிடுகு வேலி மட்டுமே.

என் புருஷன் பிழைத்துக்கொண்டார், வலக்கை விளங்காமல் போயிற்று. வெட்டியவனை இவர் காணவில்லை. ஆகவே ஊர் முழுக்க என் வாயையே பார்த்தது.

"கோடு கச்சேரி எண்டு போகாத, புள்ள. நம்மட குடிக்குள்ள, சொந்தத்துக்குள்ள நடந்தது குடிக்குள்ள தீரட்டும். அம்மன் வாசல்ல சத்தியம் கேள்," என்றார் தாய்மாமன்.

கண்ணகை அம்மன் வாசலில் பழி சொல்பவள் இன்னார்தான் செய்தது என்று பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். இல்லையென்பவன் தன் பிள்ளையின் தலையில் ஒரு கையை வைத்து, எரிகிற கற்பூரத்தை மறு கையால் அணைக்க வேண்டும். பொய் எவர் பக்கமோ, அந்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், அம்மை வரும். அந்த வருஷம் ஊரில் ஏற்கெனவே சில வாசல்களில் வேப்பிலை தொங்கிக்கொண்டிருந்தது.

அத்தான் பொய்ச்சத்தியம் செய்தால் போவது அக்காவின் மகள்; என் கையால் சோறு தின்று வளர்ந்த பிள்ளை. நான் பிழையாகக் கண்டிருந்தாலோ, போவது என் ஏணைத் தொட்டிலுக்குள் கிடந்த மகன். அம்மனிடம் போய் 'போல' என்று இழுக்க முடியுமா? கோட்டில் நீதவானிடம் பொய் சொன்னால் சொன்னவனுக்குத்தான் மறியல், சிறை. பிள்ளைகளை அது தொடாது.

ஊர்த் தலைவர் விதானையாரிடம் போய் முறைப்பாடு சொன்னேன். அம்மனை நம்பாதவள் என்று ஊர் ஏசியது. நம்பினபடியால்தானே ஓடினேன்! அந்த மடையர்களுக்கு அதை யார் விளக்குவது?

தோணியேறிப் பட்டணத்துக் கோட்டுக்குப் போனோம். அத்தானுக்காக வழக்குப் பேச வந்த பிரக்கிராசியார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"முகத்தைக் கண்டனீரா?"

"இல்லை ஐயா. அத்தான் போல இருந்தது."

"போல?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அத்தான் கூண்டில் ஏறி, அன்று காலை தான் வாவியில் வலை இழுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். குரல் ஒருதரம்கூடத் தடுமாறவில்லை. நீதவான் அவரை விட்டுவிட்டார். நான் பிழையாகத்தான் கண்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்படியே இருக்கட்டும், பிள்ளைகள் தப்பினார்கள் என்று ஆறுதலும் பட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் அக்கா வேலியோரம் வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம்.

"ஏன் புள்ள கோட்டுக்குப் போனாய்? கோயிலுக்குக் கூப்பிட்டிருந்தா அவர் வந்திருக்க மாட்டார். மகள்ர தலையில கைய வெச்சுப் பொய் சொல்ல அவரால ஏலாது."

அந்தப் பக்கத்திலிருந்து அத்தான் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார்.

"வாறன்," என்று சொல்லிக்கொண்டு அக்கா போனாள்.

மகனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவுக்குத் தடி போட்டேன். வெளியே வெயில் எரித்துக்கொண்டிருந்தது.