அரை ஐயராக ஒரு வருஷம்

நோயாளி கிடைத்தால்தான் வைத்தியம் படிக்க முடியும் என்பதுபோல, பாவிகள் கிடைத்தால்தான் வேதசாஸ்திரம் படிக்க முடியும் என்று எங்கள் கல்லூரியில் நம்பினார்கள். ஆகவே இரண்டு வருஷம் வகுப்பில் உட்காரவைத்து விட்டு, மூன்றாம் வருஷம் எங்களை ஆளுக்கொரு சபைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வயதான போதகர் ஒருவர் இருப்பார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவருக்குக் கீழே ஒரு வருஷம் ஊழியம் பழக வேண்டும். வருஷக் கடைசியில் அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் நாலாம் வருஷ வகுப்பு.

எனக்கு அந்த அறிக்கையில் இன்னொரு காரியமும் தொங்கிக்கொண்டிருந்தது. நாலாம் வருஷம் போனால்தான் கலியாணத்துக்குக் கல்லூரி அனுமதி தரும். திருமங்கலத்தில் வாத்தியார் வேலை பார்த்த புஷ்பத்தை எனக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். அவள் அப்பா, அறிக்கை வந்த பிறகு தேதி வைக்கலாம் என்று சொல்லிவிட்டார். பயிற்சி என்ற பெயரில் எங்கேயாவது போய் மாட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு நான் மேலே விளக்கத் தேவையில்லை.

முதல் பாடம்

எனக்குக் கிடைத்தது சமயநல்லூர்ப் பக்கத்துச் சபை. ஐயரிடம் கல்லூரிக் கடிதத்தைக் கொடுத்தேன். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் மாணவனோடு உட்கார்ந்து அவனுடைய ஆத்தும வளர்ச்சியைப் பற்றிச் சம்பாஷிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஐயர் பொறுமையாகப் படித்தார். பிறகு நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை நின்றுவிட்டது. அந்தக் கடிதத்தால் யாருக்காவது பிரயோஜனம் உண்டானது என்றால் அந்த மேஜைக்குத்தான்.

அன்று முதல் மணி அடிப்பது, ஓய்வுநாள் பள்ளி, விளாங்குடியில் இருந்த சபையாரைப் பார்க்கச் சைக்கிள் மிதிப்பது, ஐயரம்மாவுக்குச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது எல்லாம் என் தலையில் விழுந்தன. சபையார் எனக்கு அரை ஐயர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எனக்கு எப்போது சொல்லிக்கொடுப்பீர்கள் என்று ஐயரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "எனக்கும் ஒரு ஐயர் இப்படித்தான் தம்பி சொல்லிக்கொடுத்தாரு. ஒண்ணுமே சொல்லிக்கொடுக்கல."

வியாதியஸ்தரைச் சந்தித்தல்

இந்தத் தலைப்பில் வகுப்பில் எனக்கு முதல் மார்க்கு. மெதுவாகப் போக வேண்டும், கட்டிலருகே உட்கார வேண்டும், கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும், பிறகு தணிந்த குரலில் ஆத்துமாவைப் பற்றி விசாரிக்க வேண்டும். வியாதி என்னவென்று கேட்க வேண்டும் என்று மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை.

விளாங்குடியில் ஒரு சம்சாரி படுத்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். போனேன், உட்கார்ந்தேன், பேசாமல் இருந்தேன். பிறகு அவருடைய பாவங்களை எல்லாம் மன்னித்துக் கடைசிப் பிரயாணத்தைச் சுகமாக்கும்படி நீளமாக ஜெபம் செய்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் மனைவி தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருக்கிறாள். வண்டியூரில் இருக்கும் மகளுக்குச் சொல்லிவிட ஆள் கிளம்பிவிட்டது. வாசலில் பெஞ்சு போட்டாயிற்று. படுத்திருந்தவர் சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "வரப்புல வழுக்கிச் சுளுக்கிருச்சு தம்பி, காலுதான். அதுக்குள்ள நீங்க என்னைய மோட்சம் வரைக்கும் கொண்டு போயிட்டீங்க."

ஒரு ஆத்துமா

தெப்பத் திருவிழாவுக்கு வண்டியூரில் ஜனம் கூடும். ஜனம் கூடினால் நாங்களும் கூடுவோம். என்னை ஓர் ஓரத்தில் நிறுத்திப் பிரசங்கம் பண்ணச் சொன்னார் ஐயர். அவிழ்த்து விட்டிருந்த ஒரு கட்டை வண்டியின்மேல் ஏறி ஆரம்பித்தேன். கூட்டம் வந்தது, பார்த்தது, பொரி வாங்கப் போய்விட்டது. ஒரே ஒரு பெரியவர் மட்டும் ஒரு மணி நேரமும் வெயிலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஒருவருக்காகவே நான் பிறந்தேன் என்று தோன்றியது.

முடித்துவிட்டுக் கீழே குதித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த வார்த்தை ஐயா உங்களைத் தொட்டது என்று கேட்டேன். அவர் கூச்சத்தோடு சொன்னார்: "வண்டி என்னுது தம்பி. நீங்க எறங்குனா மாட்டப் பூட்டலாம்னு நின்னேன். சாமி விசயம் பேசுறவுகள எறங்கச் சொல்லலாமா?"

மூன்றாம் ஓலை

எங்கள் சபைகளில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் இப்போது சொல்லலாம் என்று கோயிலில் அறிவிக்க வேண்டும். எங்கள் ஐயர் இதை ஒரே மூச்சில் வாசித்து, அதே மூச்சில் அடுத்த பாட்டின் நம்பரையும் சொல்லிவிடுவார். தடை சொல்ல நினைத்தவன்கூட வாயைத் திறந்தால் பாட்டுத்தான் பாட வேண்டும்.

ஒரு கலியாணத்தின் மூன்றாம் ஓலை அன்று ஐயர் மதுரைக்கு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். நான் வாசித்தேன். தடை கேட்ட பிறகு மனச்சாட்சி பேசுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும், மனதுக்குள் இருபது எண்ணலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். எண்ணினேன். பன்னிரண்டில் மாப்பிள்ளையின் அத்தை எழுந்தாள். காதுகுத்துக்குப் பெண் வீட்டார் தன்னை முறையாக அழைக்கவில்லை என்றாள். பெண்ணின் சித்தப்பா எழுந்து, மாப்பிள்ளைக்கு இடது காது மந்தம் என்றார். பதினைந்துக்குள் ஒரு வரப்புத் தகராறு வந்தது. அந்த வரப்புக்கும் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் அவர்களை உட்காரச் சொல்லியிருக்கலாம். அதை விட்டு, கடமை என்று நினைத்துக்கொண்டு, பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொள்கிறான் என்று தெரிந்ததும் பின்வரிசையில் இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள்.

மூன்று நாளில் நடக்க வேண்டிய கலியாணம் நின்றே போயிருக்கும். ஐயர் திரும்பி வந்து, வீடு வீடாகப் போய், கொடுத்த இடத்தில் எல்லாம் காப்பி குடித்து, ஒரு வழியாகத் தாலி கட்ட வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். என் அறிக்கையும் புஷ்பமும் அன்றோடு போனதாகவே நினைத்தேன். அவர் கோபப்படவே இல்லை. "தடை இருக்கான்னு கேக்கணும்னுதான் தம்பி சட்டம். பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கணும்னு எங்க போட்டிருக்கு?"

அறிக்கை

சித்திரை வெயிலில் கல்லூரியிலிருந்து அச்சடித்த படிவம் வந்தது. பிரசங்கம், சந்திப்பு, பொறுமை, தாழ்மை என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஐயர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். மற்ற எல்லாக் காகிதத்தையும் நீதானே எழுதுகிறாய், இதையும் நீயே எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

பேனாவை எடுத்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. என்னை நானே புகழ்ந்தால் தாழ்மைக் கட்டத்தில் என்ன எழுதுவது? மேலும், நான் குறைத்து எழுதினால் ஐயர் படித்துப் பார்த்து, சே, இவ்வளவு மோசமில்லை என்று திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஆகவே, பிரசங்கம் நீளம், சந்திப்பில் நிதானம் போதாது, ஓலை வாசிப்பதில் விவேகம் குறைவு என்று எழுதி, கடைசியில் அடக்கமாக, இன்னும் ஒரு வருஷம் பழகினால் நலம் என்று முடித்தேன். ஐயர் அடியில் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டிவிட்டார்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஐயரின் சிபாரிசைக் கல்லூரி முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறது, மாணவன் அதே சபையில் இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும். திருமங்கலத்துக்கு என்னவென்று எழுதுவது? என்னை நானே ஃபெயில் ஆக்கிக்கொண்டேன் என்றா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடிதத்தையும், அறிக்கையை நான் முதலில் எழுதிப் பார்த்திருந்த நகலையும் எடுத்துக்கொண்டு ஐயரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, முதல் தடவையாக அறிக்கையை முழுக்கப் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. நான் எழுதியிருந்தா இம்புட்டு உண்மை வந்திருக்காது."

மறு வருஷம் அதே படிவம் வந்தபோது, தாழ்மைக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு மற்றவற்றில் எல்லாம் என்னை நானே வாயாரப் புகழ்ந்து எழுதினேன். அதற்குப் பிறகு கல்லூரிக்கோ கர்த்தருக்கோ மாமனாருக்கோ என்மேல் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.