சாந்தி அக்காவின் அடினியம் செடி

சாந்தி அக்கா இன்று காலை போய்விட்டார்.

மகள்தான் போனில் சொன்னாள். "அன்ரி... அம்மா எங்களை விட்டுட்டுப் போட்டா."

எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். பன்னிரண்டு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. ஜெயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார்... மடியில் சில நாள் ஒரு பூச்சட்டியும் இருக்கும்.

நூலக வாசலில் நிற்கும் அடினியம் என்ற பாலைவன ரோஜாச் செடிகள் எல்லாம் அவர் வைத்தவை. முதல் வருடம் மழையும் குளிரும் வந்ததும் இலை முழுக்கக் கொட்டிவிட்டது. வெறும் தடி. "செத்துப்போச்சு அக்கா, எறிவமோ?" என்று கேட்டேன்.

"ஐயோ, எறியாதேங்கோ பிள்ளை." நகத்தால் தண்டை மெல்லச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை.

பங்குனியில் இலைக்கு முன்னமே பூ வந்தது.

பிறகு அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு.

வேலையை விட்டபோது, விதை போட்டு வளர்த்த தன் முதல் செடியை என்னிடம் தந்தார். "இலை இல்லாத நேரம் தண்ணி விடாதேங்கோ. எனக்கும் அதுக்கும் இப்ப ஒரே சட்டம்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. மொட்டையாக நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊற்றினேன்... ஒருநாள் அடியைத் தொட்டால் கொழகொழவென்று அழுகியிருந்தது.

அக்காவிடம் சொல்லத் துணிவில்லை. பளையில் ஒரு பூச்செடிக் கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்தேன். பூத்ததும் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு ஹார்ட் போட்டிருந்தார். அவ்வளவுதான்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். "என்ர பூவுக்கு விளிம்பு கடும் சிவப்பு, பிள்ளை. நீங்கள் அனுப்பினதுக்கு வெள்ளை" என்றார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "அழாதேங்கோ. அதுக்குத் தாகமா இருக்குமெண்டுதானே ஊத்தினீங்கள்..."

நாளை காலை ஜெயபுரத்தில் அவர் வீட்டில் இறுதிக் கிரியை.

"ஒருக்கா வீட்டுக்கு வாங்கோவன்" என்று எத்தனை தரம் கேட்டிருப்பார். ஓம் அக்கா, வாறன் வாறன் என்றே வருடங்கள் போய்விட்டன.

நாளைக்கு வாறன், அக்கா.