பெல்ட் போட்டுக் கட்டிய கால்

வாஷிங் மெஷின் மெக்கானிக்கிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. மெஷின் குதிக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், சரி செய்வதற்கு முன்னால் கால் மணி நேரம் அவர்களைத் திட்டித் தீர்ப்பார். திட்டுவதற்கு நியாயமும் இருந்தது. மெஷின் துணியைப் பிழியும்போது குதித்தால் ஜனங்கள் செய்கிற காரியம் அப்படி. ஒருவர் அடியில் செங்கல்லை முட்டுக் கொடுத்திருப்பார். இன்னொருவர் கயிறு போட்டு ஜன்னல் கம்பியோடு கட்டியிருப்பார். ஒரு வீட்டில் கணக்கு வாத்தியார், நன்றாகப் படித்த மனுஷர், மெஷின் மேலேயே ஏறி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், மொதல்ல எறங்குங்க. வயித்துல என்னமோ சிக்கியிருக்கு, அதச் சொல்லத்தான் குதிக்குது. நீங்க மேல ஏறி உக்காந்தா அது யாருகிட்ட போய்ச் சொல்லும்?"

அதற்குப் பிறகு அவர் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சட்டைப் பையப் பாத்துட்டுத்தான் துணியப் போட்டீங்களா?" பாதி வீடுகளில் டிரம்முக்கு அடியிலிருந்து ஒரு கொண்டை ஊசியோ பொத்தானோ வெளியே வரும். அதை உள்ளங்கையில் வைத்து நீட்டும்போது அவர் முகத்தில் ஒரு கர்வம் தெரியும் பாருங்கள், ஏதோ அவரே வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்துக் கொடுத்த மாதிரி.

இந்த மனுஷர் பிற்பாடு என்ன செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபமும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து மெஷினை இறக்க வேண்டியிருந்தது. அது இரண்டு ஆள் வேலை. கடையில் கூட வேலை பார்க்கிற மச்சினன், மனைவியின் தம்பி, வந்து சேரப் பத்து நிமிஷம் ஆகும் என்றான். மெக்கானிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் கால் வழுக்கியது. ஆள் கீழே, மெஷின் மேலே. முதுகுத்தண்டு அடிபட்டு, தொப்புளுக்குக் கீழே தொட்டால் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது என்று ஆகிவிட்டது.

மூன்றாவது மாதம், படுத்திருந்தவரின் வலது கால் தானாக மடங்கி, விசுக்கென்று நீண்டது. மாமியார் பார்த்துவிட்டு ஓவென்று அழுதார். "உசிரு வந்துருச்சு! மாப்பிள்ளை கால்ல உசிரு வந்துருச்சு!" மெக்கானிக்கும் இரண்டு நாள் அதை நம்பினார். அந்த இரண்டு நாள் சந்தோஷத்தைப் போல ஒரு சந்தோஷம் அவருக்கு அதற்கு முன்பும் வாய்த்ததில்லை, பின்பும் வாய்க்கவில்லை. மூன்றாம் நாள் டாக்டர், அது நடக்கப்போகிற கால் இல்லை, தசை தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொள்கிறது என்று சொல்லிவிட்டார். காயத்துக்குக் கீழே இருக்கிற நரம்புகள் மூளையைக் கேட்காமல் வேலை செய்கின்றனவாம். அந்த இழுப்பை அடக்கி வைத்துக்கொள்ளலாம், அடியோடு ஒழிக்க முடியாதாம்.

அடக்கி வைக்கிற வேலை மனைவியின் தலையில் விழுந்தது. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு காலாக எடுத்து மெதுவாக நீட்டி, பாதத்தை மேல்நோக்கி மடக்கி, முப்பது எண்ணும்வரை பிடித்துக்கொள்வாள். அவசரப்பட்டு இழுத்தால் கால் எதிர்த்து உதைக்கும். ஒரு தடவை தாடையிலேயே உதை வாங்கினாள். "கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒதச்சீங்க" என்று சிரித்தாள். மூன்று வேளை மாத்திரை, சாயங்காலம் மரச் சட்டத்தில் கட்டி அரை மணி நேரம் நிற்க வைப்பது. இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் கால் பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடக்கும்.

பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "சார், உங்களுக்கு வலி தெரியாது. ஆனா காலுக்குத் தெரியும். வழக்கத்தைவிட ஜாஸ்தியா ஆடுச்சுன்னா சும்மா ஆடல. மூத்திரம் நெறஞ்சிருக்கலாம், நகம் குத்தலாம், எங்கயாவது புண்ணு வரலாம். என்னன்னு உடனே பாக்கணும்."

"அட, இது நம்ம மெஷின் கதை!" என்று மெக்கானிக் தொடையில் தட்டிச் சிரித்தார். அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட மனுஷர்.

ஒன்றரை வருஷம் அவர் மனதில் ஒரே ஒரு ஆசைதான் ஓடியது. மறுபடியும் கடைப் பலகை முன்னால் உட்கார வேண்டும். மச்சினன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கை எட்டுகிற அளவுக்குப் பலகையின் காலை வெட்டி உயரத்தைக் குறைத்தான். ஒரு திங்கட்கிழமை காலை, சலவை செய்த சட்டை போட்டு, மெக்கானிக் கடைக்குப் போனார். தெருவே வந்து பார்த்தது. தையல்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

முன்பெல்லாம் மெஷினின் பின்பலகையைக் கழற்றும்போது திருகுகளை வாயில் கவ்விக்கொள்வது அவர் வழக்கம். இப்போது நாற்காலியில் உட்கார்ந்ததும் மடி ஒரு தட்டு மாதிரி வசதியாகக் கிடைத்தது. பத்துத் திருகுகளைக் கழற்றி மடியில் போட்டார். திருப்பி மாட்டும்போது ஒன்பதுதான் இருந்தன. எங்கேயாவது உருண்டிருக்கும் என்று டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து முடுக்கினார். ஒரு திருகுக்காகக் குனிந்து தேடுகிற மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

அரை மணியில் கால் ஆட ஆரம்பித்தது. முதலில் குதிகால் தடதடவென்று நாற்காலியின் மிதிபலகையில் தட்டியது. அப்புறம் முழங்கால் பலகையின் அடியில் போய் இடித்தது. பலகை மேலிருந்த ஸ்பேனர்கள் குலுங்கின. வாடிக்கைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காலைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் அவரைக் கெடுத்தது. வந்த முதல் நாளே "பாவம், இவரால முடியல" என்று திரும்பிப் போய்ச் சொல்வார்களே என்று மனசு பொருமியது. சுவர் ஆணியில் தொங்கிய ஒரு மெஷின் பெல்ட்டை எடுத்து, இரண்டு கணுக்காலையும் மிதிபலகையோடு சேர்த்துக் கட்டச் சொன்னார்.

"மாமா, அக்காவக் கூப்பிடட்டுமா?" என்றான் மச்சினன்.

"கட்டுறா மாப்ள, சொன்னதச் செய்."

சாயங்காலம் போட வேண்டிய மாத்திரையையும் சேர்த்து விழுங்கினார். புண் வராமலிருக்க அரை மணிக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும் என்பதும் அன்றைக்கு மறந்து போயிற்று.

மத்தியானம் மனைவி சாப்பாட்டோடு வந்தாள். உள்ளே நுழைந்ததும் அவள் பார்த்தது பெல்ட்டைத்தான். கட்டுக்குள்ளேயே கால் விண்விண்ணென்று துடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, இது வழக்கமா ஆடுறது இல்லியே. தம்பியும் நானும் ஒரு நிமிஷம் தூக்குறோம். கீழ என்னன்னு பாத்துரலாம்."

கடையில் நான்கு பேர் இருந்தார்கள். மெக்கானிக்குக் காது சிவந்தது.

"நாலு பேரு முன்னாடி என்னத் தூக்கிப் பாக்கணுமா? நான் என்ன கைக்கொழந்தையா? ஒனக்கு என்னடி தெரியும்? பொழப்பு நடக்குற எடத்துல வந்து மானத்த வாங்காத. போ வீட்டுக்கு!"

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பலகை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டில் கட்டிலுக்கு மாற்றும்போது அந்தப் பத்தாவது திருகு கிடைத்தது. தொடைகளுக்கு நடுவே நழுவி அடியில் போய், கூர்முனை சதைக்குள் ஏறியிருந்தது. வெளியே பெரிதாக எந்த அடையாளமும் தெரியவில்லை. துணியில் பொட்டளவு ரத்தம், சுற்றிலும் கறுத்துப்போன தோல், அவ்வளவுதான். நாள் முழுக்க மொத்த உடம்பும் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. உள்ளே சதை செத்துப்போயிருந்தது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. எலும்புவரை குழி. ஆபரேஷன். அதற்குப் பிறகு எட்டு மாதம் குப்புறப் படுக்கை.

குப்புறப் படுத்தவருக்குத் தரையும் மனைவியின் பாதமும்தான் தெரியும். அந்தப் பாதத்தில் எத்தனை வெடிப்பு என்பது அந்த எட்டு மாதத்தில் அவருக்கு மனப்பாடம். 'அன்னிக்கே சொன்னேனே' என்று அவள் ஒரு வார்த்தை கேட்டுவிடுவாள் என்று தினமும் காத்திருந்தார். கேட்டிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பார். அவள் கேட்கவில்லை. புண்ணுக்குக் கட்டு மாற்றினாள், புரட்டினாள், போனாள்.

மச்சினன் தனியாளாக ஆறு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு, வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். கடை இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். காலை வெட்டிய பலகை வீட்டு வாசல் பக்கம் கிடக்கிறது, அதன்மேல் செடித் தொட்டிகள்.

பழைய வாடிக்கைக்காரர்கள் இன்னமும் போன் செய்வார்கள். போனை மெஷின் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டு, என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். போன வாரம் ஒருவர், மெஷின் குதிக்கிறது, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன் என்றார். மெக்கானிக் திட்டவில்லை. "அவுத்து விட்ருங்க சார்" என்றார் மெதுவாக. "என்ன கேக்குதுன்னு பாருங்க."

போனை வைத்தபோது அவருடைய இடது கால் நாற்காலியில் தடதடத்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான். மனைவி அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நாலைந்து தடவை நடந்தாள். சத்தம் கேட்காமல் இருக்காது. முன்பெல்லாம் 'என்னங்க, கால் ஆடுது?' என்று அடுப்படியிலிருந்தே குரல் வரும். அந்தக் குரல் வந்து வெகு நாளாயிற்று என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டார். "எனக்குத் தெரியல. நீ வந்து பாரு."

அவள் வந்தாள். தேடவில்லை, தடவிப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து இடது ஷூவைக் கழற்றினாள். உள்ளே சுண்டுவிரல் மடங்கி, ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. விரலை நீவி விட்டாள். கால் இரண்டு தடவை உதறி அடங்கியது.

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"காலையில ஷூ மாட்டிவிடும்போதே சரியா போகலையோன்னு தோணுச்சுங்க" என்றாள் அவள், நிமிராமல். "சொன்னா கத்துவீங்களோன்னு பயந்துட்டுப் பேசாம இருந்துட்டேன்."